ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளின் காது: ஒலி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மைக் செட் நடத்தும் அண்ணன்மாருக்கும், மிக்ஸரில் உட்காரும் ஆபரேட்டர்களுக்கும், டிஜே தம்பிகளுக்கும், உங்கள் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது என் வேலை. அறை வாசலில் ஆடியாலஜிஸ்ட் என்று போர்டு போட்டிருக்கும். ஆடி பிறக்கப் போகிறது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதில் தொடங்கி விநாயகர் சதுர்த்தி, கல்யாண முகூர்த்தங்கள், கல்லூரி விழாக்கள், மாசி, பங்குனித் திருவிழாக்கள் என்று உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நெருக்கடி தொடங்குவதற்குள் இதை நீங்கள் படித்துவிட வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

இதைக் கலெக்டருக்கோ காவல்துறைக்கோ எழுதியிருக்கலாம். இரவு பத்து மணிக்கு வந்து செட்டை நிறுத்தச் சொல்ல அவர்களால் முடியும். ஆனால் மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் மேல் இருப்பது உங்கள் விரல். பிள்ளைகளின் காது போவது அந்த நான்கு மணி நேரத்தில்தான். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

போன சீசன் முடிந்த பிறகு ஒரு பையன் அம்மாவோடு வந்தான். இருபது வயது இருக்கும். "காதுல அழுக்கு அடைச்சிருக்கு, கழுவி விடுங்க" என்றுதான் டாக்டரிடம் கேட்டிருக்கிறான். டாக்டர் பார்த்தார். அழுக்கும் இல்லை, சீழும் இல்லை, ஜவ்வு நன்றாக இருந்தது. கேட்டல் சோதனைக்கு என்னிடம் அனுப்பினார். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் சரி, கேட்டதும் அமுக்கு" என்றேன். கனமான, தாழ்ந்த ஒலியிலிருந்து மேலே போனேன். 250 ஹெர்ட்ஸ், 500, 1,000 எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று அமுக்கினான். 2,000-இல் கொஞ்சம் தயங்கினான். 4,000-க்குப் போனேன். பதில் இல்லை. சத்தத்தை ஐந்து ஐந்து டெசிபலாக ஏற்றிக்கொண்டே போகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துக் காத்திருந்தான்.

8,000-இல் மறுபடி ஓரளவு கேட்டது. தாளில் புள்ளிகளைக் கோடாக இழுத்தால் 4,000 பக்கம் மட்டும் ஒரு பள்ளம் விழும். வயதானவர்களுக்குக் கோடு கடைசி வரை சரிந்துகொண்டே போகும். இப்படி விழுந்து எழும்பும் பள்ளம் பெரும்பாலும் பெருஞ்சத்தம் போட்டுவிட்டுப் போன தடம். வலது காதைவிட இடது காது மோசமாக இருந்தது. "என்னப்பா வேலை பார்க்கிறாய்?" என்றேன். "மைக் செட்டுல ஹெல்பர். பாக்ஸுக்குப் பக்கத்துல இருப்பேன், ஒயர் எவனும் மிதிச்சுடாம பாத்துக்கணும்ல." இடது பக்கம்தான் பாக்ஸ் இருக்குமாம்.

அவன் அம்மாவுக்கு இருந்த குறை வேறு. "கூப்பிட்டா திரும்புறான், சொன்னா செய்ய மாட்டேங்குறான், கவனமே இல்லை" என்றார். கவனம் நன்றாகத்தான் இருந்தது. உயிரெழுத்துகளின் ஒலி கனமானது, தாழ்ந்த அதிர்வெண்ணில் வருவது. அது அவனுக்குக் கேட்கிறது. ச, ட, த, க போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலி மேலே இருக்கிறது. அது அவன் காதுக்கு வந்து சேரவில்லை. கட்டு என்றாலும் தட்டு என்றாலும் பட்டு என்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து ஊகித்துவிடுவான். டீக்கடை இரைச்சலில், பஸ்ஸில், அடுப்படியிலிருந்து அம்மா சொல்லும்போது, அது முடியாது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் முதலில் தொலையும். தனக்குக் காது கேட்கவில்லை என்று அவனுக்கே தெரியாது, ஏனென்றால் சத்தம் கேட்கிறதே.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஓவர்லோடு ஆனால் ஸ்பீக்கரில் காயில் எரியும், கோன் கிழியும். நீங்கள் ரீகோன் செய்து அடுத்த வாரமே கட்டிவிடுவீர்கள். காதுக்குள் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட எலும்புக்குள் முடிச்செல்கள் என்று சுமார் 15,000 இருக்கின்றன. வரும் அதிர்வை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை அவை. பிறக்கும்போது கொடுத்ததுதான், செத்தால் மறுபடி முளைப்பதில்லை. கோழிக்குஞ்சுக்கு முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. மருந்தில்லை, ஆபரேஷன் இல்லை. காது மெஷின் உதவும், ஆனால் போன செல்லைத் திருப்பித் தராது.

"ராத்திரி காது அடைச்ச மாதிரி இருந்துச்சு, ஙொய்னு சத்தம் கேட்டுச்சு, காலைல சரியாயிடுச்சு" என்று சொல்லாத ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை. சரியாகிவிட்டது என்றுதான் எங்கள் துறையிலும் பல காலம் நினைத்தோம். 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் பெருஞ்சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாளில் கேட்கும் அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது, முடிச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தச் செல்லையும் நரம்பையும் இணைக்கும் இடங்களில் பாதியளவு சில பகுதிகளில் நிரந்தரமாக அழிந்திருந்தது. மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆராய்ச்சி தொடர்கிறது. காலையில் தெளிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று இனி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த கணக்கு. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். கூட்டத்தில் நிற்பவருக்கு அந்த 3 டெசிபல் கூடியதே சரியாகத் தெரியாது. சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். காதோ ஒவ்வொரு 3 டெசிபலையும் முழுதாக வாங்கிக்கொள்கிறது. வேலை இடங்களுக்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 88 என்றால் 4 மணி நேரம். 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான்.

இப்போது பாக்ஸிலிருந்து ஒரு மீட்டரில் 118 டெசிபல் வருகிறது என்று வையுங்கள். பெரிய செட்டுக்கு இது அதிகமே இல்லை. அங்கே நிற்கும் பையனுக்கு ஒரு நாளுக்கான கணக்கு 14 விநாடியில் முடிந்துவிடுகிறது, ஒரு பாட்டின் பல்லவிகூட வந்திருக்காது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இறங்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2 மீட்டரில் 112, ஏறக்குறைய ஒரு நிமிடம். 4 மீட்டரில் 106, நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 8 மீட்டரில் 100, கால் மணி நேரம். 16 மீட்டரில் 94, ஒரு மணி நேரம். ஃபேடரைத் தொடாமல், ஒரு வாட்கூடக் குறைக்காமல், ஒரே ஒரு கயிற்றைக் கட்டி ஆட்களை நான்கு மீட்டர் தள்ளி நிறுத்தினாலே 14 விநாடி நான்கு நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்தக் கயிற்றைத்தான் முதலில் கேட்கிறேன். சவுக்குக் கட்டை நட்டு பந்தல்காரர் கட்டும் சாதாரணக் கயிறு போதும்.

திருவிழாவில் பாக்ஸுக்கு நேர் முன்னால் ஆடுவது யார் என்று ஒரு தடவை நின்று பாருங்கள். பெரியவர்கள் தானாகவே பின்னால் போய்விடுவார்கள். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள்தான் வலைக்கம்பியில் கையை வைத்து அதிர்வதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை சில நேரம் ஸ்டாண்டில் ஏற்றிய டாப் ஸ்பீக்கரின் வாய்க்கு நேராகவே இருக்கும். மைக் உங்கள் கையில்தான் இருக்கிறது. "குழந்தைகளைக் கொஞ்சம் பின்னால் கூட்டிப் போங்க" என்று நீங்கள் ஒரு முறை சொன்னால் ஊரே கேட்கும். நான் நூறு முறை என் அறையில் சொன்னாலும் காது போன பிறகு வருகிறவர்கள்தான் கேட்பார்கள்.

அப்புறம் ட்யூனிங். நெஞ்சில் அடிக்க வேண்டும் என்றுதான் பிள்ளைகள் வருகிறார்கள், அது பேஸின் வேலை. காதை முதலில் கிழிப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. நம் காதுத் துவாரத்தின் நீளமே அந்த இடத்தைத் தானாகத் தூக்கிக் கொடுக்கும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் பத்து டெசிபலுக்கு மேல்கூடக் கூட்டிவிடும். குழாய் ஸ்பீக்கர் கத்துவதும் அந்தப் பகுதியில்தான். ஈக்வலைசரில் அந்த இடத்தை மூன்று நான்கு டெசிபல் இறக்கி, பேஸை அப்படியே விட்டுப் பாருங்கள். ஆட்டம் குறையாது. ஆம்பில் ஓவர்லோடு காட்டும் கிளிப் லைட் எரிய எரிய ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். கிளிப் ஆன சிக்னலில் மேல் அதிர்வெண் கூடி, காதையும், மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரையும் சேர்த்து எரிக்கும். ட்வீட்டரைக் காப்பாற்ற, சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போடுகிறீர்கள் அல்லவா, அதே லிமிட்டரில் காதுக்கும் ஓர் அளவு வையுங்கள். ஒரே இடத்தில் சுவர் மாதிரி அடுக்குவதற்குப் பதில், தெருவுக்கு இரண்டாக, தாமதம் சரிசெய்து, சிறிய பாக்ஸ்களைப் பிரித்து வைத்தால் கடைசியில் நிற்பவருக்கும் தெளிவாகக் கேட்கும், முன்னால் நிற்பவரும் பிழைப்பார். இதெல்லாம் உங்களில் நல்ல ஆபரேட்டர்கள் ஏற்கெனவே செய்வதுதான்.

ஆபரேட்டர்களிடம் இன்னொன்று. பல வருடம் செட்டில் உட்கார்ந்தவர் காதில் மேல் அதிர்வெண் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிக் குறைந்திருந்தால், பாட்டு மொத்தையாக இருக்கிறதே என்று ட்ரெபிளை ஏற்றத்தான் கை போகும். உங்களுக்குச் சரியாக இருக்கும் சத்தம் முன் வரிசைப் பிள்ளைக்கு ஊசி குத்துவது மாதிரி போய் இறங்கும். மிக்ஸரில் உட்காரும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவை ஆடியோகிராம் என்ற கேட்டல் சோதனை எடுப்பது அதனால் அவர் நலனுக்கு மட்டுமில்லை, அது தொழில் தேவை.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் அந்தப் பகுதிக்கு விதித்திருக்கும் அளவைவிட 10 டெசிபல் கூடுதலோ, 75 டெசிபலோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் அவை அக்கம்பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தையும் நோயாளியையும் மனதில் வைத்து எழுதியவை. அளவு எடுப்பது எல்லையில். பாக்ஸுக்கு மூன்றடியில் நின்று ஆடும் பிள்ளைக்கும், கேபிள் சுற்றும் ஹெல்பருக்கும் எவ்வளவு சத்தம் போகலாம் என்று அந்த விதிகள் பேசவே இல்லை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோயாக இடம்பெற்றது. உங்கள் செட் தொழிற்சாலை இல்லை என்பதால் உங்கள் பையன்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

கேளிக்கை இடங்களுக்கு என்றே உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அதில் முதல் அம்சம். 100 என்பது பாதுகாப்பான அளவு என்று அர்த்தமில்லை, அதுதான் உச்சவரம்பு. அதனால்தான் கூடவே மீட்டர் வைத்து அளந்துகொண்டே இருக்க வேண்டும், காது அடைப்பான் கிடைக்க வேண்டும், சத்தத்திலிருந்து விலகி உட்கார ஒரு இடம் வேண்டும், ஸ்பீக்கரைச் சரியாக அமைக்க வேண்டும், ஊழியருக்குப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊர்த் திருவிழாவுக்கும் கல்லூரி மைதானத்துக்கும் இதில் பொருந்தாதது எதுவும் இல்லை.

உங்கள் கஷ்டமும் எனக்குப் புரியாமல் இல்லை. "போன வருஷம் பக்கத்து ஊர்க்காரன் செட்டு இதைவிட எகிறுச்சு" என்று விழாக் கமிட்டிப் பையன்கள் வந்து நிற்பார்கள். சத்தம் பத்தவில்லை என்று பாக்கிப் பணத்தைப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. ஒரே ஒருவர் மட்டும் குறைத்தால் அடுத்த ஆர்டர் இன்னொருவருக்குப் போய்விடும். தனி ஆளாக யாராலும் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் சங்கங்களையும் சேர்த்து எழுதுகிறேன். வாடகை விலையைச் சங்கம் கூடிப் பேசி முடிவு செய்வதைப் போல, முன் வரிசையில் 100 டெசிபல், பாக்ஸுக்கு முன் நான்கு மீட்டர் கயிறு என்று சங்கமே முடிவெடுத்து ரசீதின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுக்கட்டும். "சங்கத்து ரூல் தம்பி" என்று சொல்ல ஓர் ஆதாரம் கையில் இருந்தால் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டு செட்டை எதிரெதிரே வைத்துப் போட்டி விடும் பழக்கத்துக்குப் போவதில்லை என்றும் அதே கூட்டத்தில் முடிவெடுங்கள்.

உங்களிடம் வேலை பார்க்கும் பையன்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஆட வருகிற பையன் வருடத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி வருகிறான். ஹெல்பர் சீசன் முழுக்க அங்கேதான் இருக்கிறான், பாட்டு இல்லாத நேரத்திலும் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்காருகிறான். பதினெட்டு வயது ஆகாத யாரையும் பாக்ஸ் பக்கம் நிறுத்தாதீர்கள். மற்றவர்களை ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க விடாமல் மாற்றி மாற்றி நிறுத்துங்கள். எல்லாருக்கும் ஃபோம் இயர்பிளக் வாங்கிக் கொடுங்கள். பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடைகளில் மொத்தமாகக் கிடைக்கும், ஒரு ஜோடி ஒரு டீ காசுக்குள் அடங்கிவிடும். பஞ்சு வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம் என்று சொல்ல வேண்டாம், பஞ்சு இந்தச் சத்தத்தைத் தடுக்காது.

இயர்பிளக்கைச் சும்மா காது வாசலில் செருகினால் பயனில்லை. கை சுத்தமாக இருக்கட்டும். விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லிய திரி மாதிரி உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அமுக்கிப் பிடியுங்கள். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, "அ" என்று சொல்லிப் பாருங்கள்; உங்கள் குரல் மண்டைக்குள் முழங்கினால் சரி. பாட்டைக் கேட்டே ஆக வேண்டிய ஆபரேட்டருக்கும் டிஜேவுக்கும் இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் தனியாக உண்டு, எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், மிக்ஸ் மொத்தையாகாது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு நல்ல மைக்கைவிடக் குறைவு. செண்டை, நாசிக் டோல், பேண்டு அடிக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்லுங்கள்.

இளைஞர்களின் காது கெடுவதற்கு இயர்போன்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும்தான். 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பாட்டைப் பெருஞ்சத்தமாகக் கேட்பதால் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் அளவு. பகல் முழுக்க இயர்போனில் செலவான காதோடுதான் அந்தப் பையன் ராத்திரி உங்கள் பாக்ஸ் முன்னால் வந்து நிற்கிறான். ஒரு காதுக்கு இரண்டு கணக்குக் கிடையாது.

விழா முடிந்த மறுநாளும் உங்கள் ஆட்களில் யாருக்காவது காதில் ஙொய்ங் சத்தம் நிற்கவில்லை என்றால், அல்லது ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால், எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்புங்கள். திடீர் செவித்திறன் இழப்புக்கு மருந்து உண்டு, ஆனால் அது முதல் சில நாளில் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் கழித்து வந்தால் பெரும்பாலும் அளந்து சொல்ல மட்டும்தான் எங்களால் முடியும்.

ஆடி முதல் வெள்ளிக்கு முன் எந்த ஊர்ச் சங்கம் கூட்டம் போட்டாலும் சொல்லி அனுப்புங்கள். ஆடியோமீட்டரையும் சத்தம் அளக்கும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், காசு வேண்டாம். சத்தமில்லாத ஓர் அறை மட்டும் கொடுங்கள். முந்தைய நாள் ராத்திரி செட் ஓட்டாமல் வாருங்கள், இல்லையென்றால் கணக்குத் தப்பாக வரும். முதலில் ஆபரேட்டர்கள், அப்புறம் ஹெல்பர் பையன்கள் எல்லாருக்கும் காதைச் சோதித்துத் தாளைக் கையில் கொடுத்துவிடுகிறேன். மாலையில் ஒரு செட்டைக் கட்டி ஓட்டுங்கள், கயிறு எங்கே கட்ட வேண்டும் என்று மீட்டரை வைத்துச் சேர்ந்தே பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பக்கத்து ஆடியாலஜிஸ்ட் ஒருவர்